இசைத்தட்டும் ஏடும்



திருகோணமலை ஓசைகளால் ஆன ஊர். கோணேசர் மலையடியிலே பாறையை மோதும் அலையின் ஓசை ஒருபுறம். மலைமீது கோயில் மணியின் ஓசை மறுபுறம். உள்துறைமுகத்திலிருந்து எழும் கப்பற் சங்கின் ஒலி, விடியற்காலையிலே கடற்கரையில் மீன் விலை கூறுவோர் குரல், இவையெல்லாம் கலந்ததே இவ்வூரின் ஒரு நாள். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியபோது இங்குள்ள கடலின் முழக்கத்தையும் தம் பதிகத்துள் வைத்துப் பாடினார். அவர் இங்கு நேரில் வாராது அக்கரையிலிருந்தே பாடினார் என்பது மரபு. பாடியவர் வரவில்லை, பாட்டு வந்தது. வந்த பாட்டு இன்றும் இருக்கின்றது. ஒரு குரல் தான் தோன்றிய காலத்தையும் இடத்தையும் கடந்து வாழ்வது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இத்துறைமுக நகரிலே ஓர் இல்லத்தை மனத்தில் எண்ணிப் பார்க்கலாம். கட்டிலின் கீழே ஒரு தகரப் பெட்டி. அதனுள்ளே காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு திருமணப் படம். இவற்றுக்கிடையே, கடதாசி உறையுள் வைத்துத் துணியாற் சுற்றிய சிறியதோர் இசைத்தட்டு. அதனைச் சுழற்றும் பெட்டி அவ்வீட்டிலிருந்து போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் தட்டை வீசிவிட அவ்வீட்டு மூதாட்டிக்கு மனமில்லை. பேரன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றான்.

“அம்மம்மா, இது என்ன?”

“பாட்டு, ராசா.”

“பாட்டென்றால் ஏன் பாடுதில்லை?”

சிறுவனின் இக்கேள்வி எளிதானதன்று. மேல்நாடுகளிலே பெரிய பெரிய நிறுவனங்கள் இதே கேள்விக்கு விடை தேடியே பெரும்பொருள் செலவிடுகின்றன. அங்கே அண்மைக் காலத்தில் வேகமாகப் பரவியுள்ள ஒரு வழக்கத்தை முதலிற் காண்போர்க்கு இங்குள்ள நிலை நன்கு விளங்கும்.

1970களின் நடுப்பகுதியிலே நியூயோர்க், இலண்டன், மான்செஸ்டர் முதலிய நகரங்களில் பங்க் றொக் என்னும் ஒருவகைப் பாட்டு எழுந்தது. வேலையின்மையும் சலிப்பும் சூழ்ந்திருந்த இளைஞரின் பாட்டு அது. இசையை முறையாகப் பயின்றவர் அவர்களுள் அருகியே இருந்தனர். கிற்றாரிலே மூன்று சுரச்சேர்க்கைகளை அறிந்தவன் ஒரு குழுவைத் தொடங்கலாம் என்பது அவர்களின் துணிபு. பாட்டு மிக விரைவாகச் செல்லும். இரண்டு அல்லது மூன்று நிமிடங்களில் முடியும். இனிமையைவிடச் சினமே அதில் மிகுதி. செவிக்கு இன்பம் தேடுவோர் அதனை வெறுத்தனர். ஆயினும் அதனுள்ளே ஓர் உண்மை இருந்தது. பெரிய நிறுவனங்களின் தயவு இன்றியே தம் குரலைத் தாமே தட்டிற் பதித்து வெளியிடலாம் என்று காட்டியவர்கள் அவ்விளைஞர்கள்.

மான்செஸ்டர் நகரின் பஸ்கொக்ஸ் என்னும் குழுவினர் செய்ததை இதற்குச் சான்றாகக் கூறலாம். அவர்கள் உற்றார் நண்பரிடம் ஏறத்தாழ 500 பவுண் கடன் வாங்கி, நான்கு பாடல்களை ஒரே நாளிற் பதிவு செய்து, 1977ஆம் ஆண்டு சனவரியிலே தாமே வெளியிட்டனர். முதலில் அச்சிட்டவை 1,000 தட்டுகளே. அவ்வாறே அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரிலே செயின்ற்ஸ் என்னும் குழுவினர் 1976இல் தம் முதற் பாடலைத் தம் சொந்தச் செலவில் சில நூறு தட்டுகளாக வெளியிட்டனர். நியூயோர்க்கின் றமோன்ஸ் குழுவினர் தம் முதல் இசைத்தொகுதியை 1976இல் ஒரு கிழமைக்குள், ஏறத்தாழ 6,400 டொலர் செலவில் முடித்தனர். அக்காலப் புகழ்பெற்ற குழுக்களின் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறு தொகை.

இவ்வாறு வறுமையிலும் அவசரத்திலும் பிறந்த தட்டுகள் இன்று எந்நிலையில் உள்ளன? அவை அழகிய பெட்டிகளில் அடைக்கப்பெற்று மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. கிளாஷ் என்னும் இலண்டன் குழுவின் பாடல்கள் 2013ஆம் ஆண்டிலே ஒரு பெரும் பெட்டியாக வந்தன. 1977 முதல் 1982 வரை அக்குழுவினர் வெளியிட்ட ஐந்து தொகுதிகளும், வெளிவராதிருந்த பல பதிவுகளும் அதனுள் இருந்தன. தோளிற் சுமந்து செல்லும் வானொலிப் பெட்டி ஒன்றின் வடிவில் அதனை அமைத்தவர் அக்குழுவின் கலைஞர்களுள் ஒருவராகிய போல் சிமொனன். பஸ்கொக்ஸின் சிறு தட்டும் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2017இல் மறுபதிப்புப் பெற்றது. றமோன்ஸின் முதல் தொகுதிக்கு 2016இல் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தது. அப்பதிப்பைக் கையில் எடுத்துப் பார்க்க அத்தொகுதியைப் பாடிய நால்வருள் ஒருவரும் அப்போது உயிருடன் இல்லை. 2001, 2002, 2004, 2014 ஆகிய ஆண்டுகளில் ஒருவர் பின் ஒருவராக அவர்கள் மறைந்துவிட்டனர். தட்டு நிலைத்தது, பாடியவர் நிலைக்கவில்லை.

இவ்வழக்கத்தைப் பற்றி இருவேறு கருத்துகள் உள. பழைய சினத்தைப் பட்டுத்துணியிற் பொதிந்து விற்பது வணிகமேயன்றி வேறில்லை என்பர் ஒரு சாரார். பங்க் இயக்கத்தின் முன்னோடிகளாகிய மல்கம் மக்லாறன், விவியன் வெஸ்ற்வூட் ஆகியோரின் மகன் ஜோ கொறே என்பவர் 2016ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், தேம்ஸ் ஆற்றிலே ஒரு படகில் வைத்து, தம்மிடமிருந்த பங்க் காலப் பொருள்களை எல்லாம் தீயிட்டார். அவற்றின் மதிப்பு ஐம்பது இலட்சம் பவுண் என்று சொல்லப்பட்டது. கிளர்ச்சியாகப் பிறந்ததை அரும்பொருட் காட்சியாக்கி விழாக் கொண்டாடுவதைக் கண்டித்தே அவர் அதனைச் செய்தார்.

மற்றொரு சாரார் கூறுவது வேறு. தட்டு தேய்கின்றது, ஒலிநாடா உதிர்கின்றது, பாடினவர் மறைகின்றனர், மறுபதிப்பு இல்லையேல் அடுத்த தலைமுறைக்கு அக்குரல் எட்டாது என்பது அவர்தம் வாதம். இரு கருத்துகளிலும் உண்மை உண்டு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. எரிக்கவேண்டுமா, பேணவேண்டுமா என்று வாதிடும் உரிமை, பேணுவதற்குப் பொருள் உள்ளவனுக்கே உண்டு. இலங்கைத் தீவிலே தமிழர் தம் ஏடுகளையும் தட்டுகளையும் தாமாக எரித்தாரல்லர். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகத்திலே ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1983இலும் 1990இலும் திருகோணமலை மக்கள் பலர் வீடிழந்து பெயர்ந்தனர். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் இசைத்தட்டை நினைப்பாரா? 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் கடலே கரையேறி வந்தது. எஞ்சியிருந்தவற்றுள்ளும் ஒரு பகுதியை அஃது எடுத்துச் சென்றது. ஆதலின் மேல்நாட்டார்க்கு மறுபதிப்பு என்பது விழா. இங்குள்ளோர்க்கு அது மீட்பு.

இனி, மீட்பதற்கு இங்கு என்ன இருந்தது என்பதைக் காணலாம்.

இலங்கையின் ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு திசெம்பரில் கொழும்பிலே எட்வேட் ஹாப்பர் என்னும் பொறியியலாளரின் முயற்சியாற் தொடங்கிற்று. பின்னர் இலங்கை வானொலி என்று பெயர் பெற்று, 1967இலே கூட்டுத்தாபனம் ஆயிற்று. அதன் தமிழ்ச் சேவையைக் கடல் கடந்து தென்னிந்தியாவிலும் இலட்சக்கணக்கானோர் கேட்டு மகிழ்ந்தனர். அந்நிலையத்தின் இசைத்தட்டுக் களஞ்சியம் பெரும்புகழ் படைத்தது. தமிழகத்தில் கிடைத்தற்கரிய பழந்தட்டுகளும் கொழும்பிலே உள என்று இரசிகர்கள் பேசிக்கொள்வது வழக்கம்.

அவ்வொலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறையிலே, 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும், ஒரு புதுவகைப் பாட்டு எழுந்தது. பொப்பிசை என்று அதனை அழைத்தனர். வோலி பஸ்ரியன் முதலியோர் சிங்களத்திலே பரப்பிய பைலாவின் தாளம் ஒருபுறம். கிளாறன்ஸ் விஜேவர்த்தன முதலியோரின் கிற்றார் இசை மறுபுறம். இவற்றுக்கிடையே தமிழிளைஞர் தம் ஊர்ப் பேச்சை வைத்துப் பாடத் தொடங்கினர். நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ என்னும் பாடலால் வீடுதோறும் அறிமுகமானார். ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’ என்னும் பாட்டைத் தமிழகம் வரை கொண்டு சென்று, ‘சிலோன்’ என்ற ஊர்ப்பெயரே தம் பெயருக்கு முன் ஒட்டிக்கொள்ள வாழ்ந்து, 2018இலே சென்னையில் மறைந்தார். திருகோணமலையிலிருந்து எழுந்த குரல்களும் இவற்றுள் உண்டு. எம். பி. பரமேஷ், எம். பி. கோணேஷ் ஆகிய சகோதரரின் பெயர் இத்துறைமுக ஊரின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுவது.

துறைமுகத்துக்கும் கிற்றாருக்கும் உள்ள உறவு வியப்பானதன்று. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் வரை இத்துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. எங்கெங்கு கப்பல் தங்குகின்றதோ அங்கெல்லாம் பிறநாட்டுப் பாட்டும் இறங்கும். நாதசுரமும் மிருதங்கமும் ஒலித்த தெருக்களுக்கு மிக அண்மையிலேயே மேல்நாட்டுக் கருவிகளும் ஒலித்தன. இரண்டையும் கேட்டு வளர்ந்த செவி இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு பாட்டைத் தேடியதிற் புதுமையில்லை.

இப்பாட்டை அக்காலப் பெரியோர் பலர் மதிக்கவில்லை. இராகம் இல்லை, இலக்கணம் இல்லை, பேச்சுத்தமிழைப் பாட்டென்று பாடுகின்றனர் என்று குறை கூறினர். மான்செஸ்டர் இளைஞரைப் பற்றி அந்நாட்டுப் பெரியோர் கூறிய குறையும் ஏறத்தாழ இதுவே. இரு பாட்டும் ஒன்றல்ல. ஒன்றிற் சினம் மிகுதி, மற்றொன்றிற் குறும்பும் காதலும் மிகுதி. ஆயினும் இரண்டையும் பாடியவர்கள் பெரிய அரங்கம் தமக்காகத் திறக்கும் என்று காத்திராத இளைஞர்கள். குறைந்த பொருளிலே, குறைந்த தொகையிலே வெளிவந்தவை அவர்தம் தட்டுகள். குறைந்த தொகையில் வந்தவை விரைவில் அழியும் என்பதே இதிலுள்ள இடர்.

தட்டு எங்ஙனம் அழிகின்றது என்பதை அறிந்தாலன்றி அதனைக் காக்க இயலாது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழந்தட்டு, அரக்கும் கற்பொடியும் கலந்து செய்யப்பெற்றது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலாகவே பாட்டு அடங்கும். அது கீழே விழுந்தால் உடையும். பின்னர் வந்த 45 சுற்றுத் தட்டு வைனில் என்னும் செயற்கைப் பொருளால் ஆயது. அஃது உடையாது, ஆயின் வெயிலில் வளையும், தூசியாற் கீறும். ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஒலிப்பள்ளத்தின் சுவர் சிறிது தேய்கின்றது. மிக விரும்பிய பாட்டே மிகவும் தேய்ந்திருக்கும். அன்பே அதற்குப் பகையாகிவிடுகின்றது. கடற்கரை ஊர்களிலே உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து உறையிற் பூஞ்சணத்தை வளர்க்கின்றன. பெயர்ச்சீட்டு உரிந்து விடுகின்றது. பெயர்ச்சீட்டு போனால் பாடியவர் யார், இயற்றியவர் யார், இசையமைத்தவர் யார் என்பனவும் போகும்.

மறுபதிப்புச் செய்வோர் விற்பனைத் தட்டிலிருந்து தொடங்குவதில்லை. பாடும்போது முதலிற் பதிந்த ஒலிநாடாவையே அவர் நாடுவர். அந்நாடாவிலிருந்து ஒரு தட்டை வெட்டி, அதன்மேல் உலோகப் பூச்சிட்டு அச்செடுத்து, அவ்வச்சினால் ஆயிரக்கணக்கான தட்டுகளை அழுத்துவதே பண்டைய முறை. ஆதலின் மூலநாடா கிடைத்தால் ஊசியின் தேய்வு சிறிதுமின்றி முதற் குரலையே கேட்கலாம். ஆனால் நாடாவும் நிலையானதன்று. 1970களிலும் 1980களிலும் செய்த சில நாடாக்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் வெப்பத்திலே பல மணிநேரம் மெல்லச் சூடேற்றி, ஒட்டுத்தன்மை சிறிது நேரம் நீங்கிய வேளையில் ஒலிப்பதிவை எடுத்துக்கொள்வர். மூலநாடா இல்லாவிடத்து, நன்னிலையில் உள்ள தட்டுகள் பலவற்றைச் சேர்த்து, ஒன்றிற் கீறிய இடத்தை மற்றொன்றால் நிரப்புவர்.

பல படிகளைச் சேர்த்து, ஒன்றிற் சிதைந்ததை மற்றொன்றால் நிரப்பும் இம்முறை தமிழர்க்குப் புதியதா? இல்லை. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் செய்தது இதுவேயன்றோ! தேவார ஏடுகள் தில்லையிலே பூட்டிய அறையிற் கிடந்து, இராசராச சோழன் காலத்திலே நம்பியாண்டார் நம்பி முயற்சியால் வெளிவந்தபோது, பெரும்பகுதியைச் செல்லரித்திருந்தது என்று மரபு கூறும். எஞ்சியவற்றை வகுத்துத் தொகுத்தமையால் அன்றோ கோணேசர் பதிகம் இன்று கோயிலில் ஒலிக்கின்றது! பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, எடுத்தால் ஓரம் உதிரும் ஏடுகளை ஊர் ஊராகத் தேடி, 1887இலே கலித்தொகையை அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டிற் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். திருகோணமலையிற் பிறந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் அவ்வழி நின்று தமிழ்நூற் பதிப்புக்கு உழைத்தவர்.

அப்பெரியோரிடமிருந்து இசைத்தட்டுப் பதிப்பாளர் கற்கவேண்டியவை மூன்று. முதலாவது, பல படிகளைத் தேடி ஒப்புநோக்குதல். இரண்டாவது, பாடபேதங்களை மறையாது காட்டுதல். மேல்நாட்டுப் பெட்டிகளிலே ஒரே பாட்டின் ஒத்திகைப் பதிவு, மேடைப் பதிவு, வெளிவந்த பதிவு என்பன அடுத்தடுத்து இருப்பதைக் கண்டு, ஒரே பாட்டை ஏன் மூன்று முறை விற்கின்றனர் என்று நகைப்பாரும் உளர். அவை பாடபேதங்களே. ஒரு சொல்லை மாற்றிப் பாடிய இடத்திலே பாடினவனின் எண்ணம் மாறிய தடம் தெரிகின்றது. மூன்றாவது, தம் திருத்தத்தை மூலமென்று காட்டாமை. கரகரப்பை நீக்கப்போய்க் குரலின் உயிரையும் நீக்கிவிடும் கருவிகள் இன்று மலிந்துள்ளன. பழைய பாட்டுக்குப் புதிய மேளத்தைச் சேர்த்து அதுவே பழம்பாட்டு என்று விற்பாரும் உளர். ஏட்டில் இல்லாத அடியைத் தாமே பாடிச் சேர்ப்பதை ஒத்த குற்றம் அது.

தமிழகத்திலும் மறுபதிப்பு நிகழாமல் இல்லை. எஸ். ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டிலே, முப்பது வயதும் நிரம்பாது மறைந்தார். அவர்தம் நாடகப் பாடல்களை இன்று கேட்க முடிகின்றதெனின், அன்று பதித்த தட்டுகளும் பின்னர் அவற்றிலிருந்து எடுத்த ஒலிப்பேழைகளுமே காரணம். பழைய கிறாமபோன் கம்பனியின் வழிவந்த சரிகம நிறுவனம் 2017இலே கரவான் என்னும் பெட்டியை வெளியிட்டது. அதன் தமிழ்ப் பெட்டியும் பின்னர் வந்தது. பழைய வானொலியின் வடிவிலே, பல ஆயிரம் திரைப்பாடல்களை உள்ளடக்கியது. இலண்டன் கிளாஷ் குழுவின் பெட்டியும் வானொலி வடிவம், இதுவும் வானொலி வடிவம். பழமையை விற்போர் எங்கும் ஒரே உருவத்தையே நாடுகின்றனர் போலும்! முதியோர் பலர்க்கு இப்பெட்டி தனிமையிலே துணையாயிற்று என்பதை மறுக்கலாகாது. ஆயினும் ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் அந்நிறுவனத்துக்கு உரிமையான பாட்டே இருக்கும். சிறு குழுவொன்று சொந்தச் செலவிற் பதித்த தட்டு அதனுள் நுழையாது. சந்தை எடுத்துச் செல்லாததை ஊரார்தாம் எடுத்துச் செல்லவேண்டும்.

இங்கே உரிமை பற்றிய கேள்வி எழும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒலிப்பதிவை வெளியிட்டவரின் உரிமையும் பாடியவரின் உரிமையும் 50 ஆண்டுகள் நிலைக்கும். பாட்டை இயற்றியவர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமையோ அவர்தம் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் நிலைக்கும். ஆகவே 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த தட்டொன்றின் ஒலிப்பதிவுரிமை முடிந்திருப்பினும், இயற்றியவரின் உரிமை முடிந்துவிடாது. வீட்டிலே பாதுகாப்பின்பொருட்டுப் படியெடுத்து வைத்தல் வேறு. விலைக்கு வெளியிடுதல் வேறு. வெளியிட விரும்புவோர் இயற்றியவரையோ அவர் குடும்பத்தையோ தேடிச் சென்று கேட்டே செய்தல் முறை. சட்டம் ஒருபுறம் இருக்க, அது நன்றியும் ஆகும். தம் குரலுக்கு ஒரு சதமும் பெறாது முதுமை எய்திய கலைஞர் எந்நாட்டிலும் உளர். கலைஞர் மறைந்தபின் பெட்டி செய்து விழா எடுப்பதினும், அவர் இருக்கும்போதே வீட்டுக்குச் சென்று, “ஐயா, இந்தப் பாட்டு எப்போது, யார் யார் கூடப் பாடியது?” என்று கேட்டு எழுதிவைத்தல் சிறந்தது. றமோன்ஸ் குழுவின் நால்வரைப் பற்றி முன்னர்க் கூறியதை இங்கு மீண்டும் நினைத்தல் தகும்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் இல்லங்களிலும் பாடசாலைகளிலும் உடனே செய்யத்தக்கவை சில உள. அவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது, புத்தகம் போல் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். வெயில் படும் யன்னலோரத்தையும் ஈரச் சுவரையும் தவிர்த்தல் வேண்டும். தட்டைத் தூய்மை செய்ய வடித்த நீரும் மெல்லிய துணியும் போதும்; பெயர்ச்சீட்டின்மேல் நீர் படலாகாது. அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த எந்த நீராலும் துடைத்தல் கூடாது, அரக்கு கரைந்துவிடும். தேய்ந்த ஊசியுள்ள பழைய பெட்டியிலே ஆசைக்கு ஒருமுறை போட்டுக் கேட்போம் என்று எண்ணுவது பெருந்தவறு. எஞ்சியிருக்கும் ஒரே படியை அந்த ஒருமுறையே கெடுத்துவிடலாம். முறையான கருவி உள்ள இடத்திற் கொடுத்து, ஒருமுறை இயக்கி, கணினியிலே பதிந்துகொள்ளல் வேண்டும். பேணுதற்குரிய பதிவை 24 பிட் அளவிலே, நொடிக்கு 96,000 மாதிரிகளாக, சுருக்காமல் எடுப்பது அறிஞர் கொண்ட முறை. அப்பதிவைக் குறைந்தது இரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும். ஒரே இடத்தில் இருந்ததனால் அழிந்தவற்றின் கதையை இவ்வூரார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் முற்படச் செய்யவேண்டியது எழுதிவைத்தல். பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் சென்று, அவர் நினைவில் உள்ள ஒரு பாட்டைப் பற்றியேனும் கேட்டு எழுதலாம். பாட்டின் பெயர், பாடினவர் பெயர், முதன்முதற் கேட்ட இடம், அப்போது உடனிருந்தவர் என நான்கு செய்திகள் போதும். ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் இருப்பின் நாற்பது செய்திகள் சேரும். ஒருவர் மறந்ததை மற்றொருவர் நினைவூட்டுவர். ஒருவர் தவறாகச் சொன்னதை மற்றொருவர் திருத்துவர். ஏடுகளை ஒப்புநோக்குவது போல நினைவுகளையும் ஒப்புநோக்கலாம். தமிழ் வீடுகளில் மட்டுமன்றி, முஸ்லிம் வீடுகளிலும் சிங்கள வீடுகளிலும் இவ்வாறு கேட்டல் நன்று. துறைமுகத் தெருக்களிலே ஒருவர் வீட்டு வானொலியின் பாட்டு மற்றவர் வீட்டுத் திண்ணைக்கு எட்டாதிருந்த நாள் இல்லை.

கனடாவிலும் செருமனியிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் உறவினரிடம் கேட்பதும் பயன் தரும். இங்கிருந்து போனவருள் ஆடையைக் குறைத்துக்கொண்டு ஒலிப்பேழையை எடுத்துச் சென்றவர் உளர். இங்கு அழிந்தது அங்கே ஒரு மேசை அறையில் உறங்கிக் கிடக்கலாம். வெள்ளெறும்பு தின்ற ஏட்டின் மறுபடி வேறோர் ஊரின் மடத்திற் கிடைத்தது போல, அது கிடைத்தலும் கூடும்.

சில நிமிடப் பாட்டுக்கு இத்தனை உழைப்பா என்று கேட்போர் இருக்கலாம். பங்க் பாட்டும் பொப்பிசையும் தேவாரத்தோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கனவா என்றும் வினவலாம். ஒருங்கு வைத்து எண்ணவேண்டியதில்லை. ஆயின், எது நிலைக்கத்தக்கது என்று தீர்மானிக்கும் உரிமை பின்வரும் தலைமுறைக்கே உரியது. அத்தீர்ப்பைச் சொல்ல அவர்கள் கையிற் பொருள் இருக்கவேண்டும். ஒரு காலத்தார் சிறிதென்று இகழ்ந்ததை மற்றொரு காலத்தார் தேடி அலைந்ததற்குத் தமிழிலேயே சான்றுகள் பல உள. கற்றவர் பாட்டு ஏட்டிலேனும் இருக்கும். ஒரு துறைமுக நகரின் இளைஞர்கள் தம் பத்தொன்பது இருபது வயதிலே எப்படிச் சிரித்தார்கள், எதற்கு ஏங்கினார்கள், எந்தச் சொல்லால் ஒருவரை ஒருவர் கேலி செய்தார்கள் என்பதை அந்தச் சிறு தட்டு ஒன்றே சொல்லும். பின்னர் அவ்வூருக்கு வந்த துன்பங்கள் வருமுன்னர்ப் பாடிய குரல் அது. அத்துன்பங்களைப் பற்றிய ஏடுகள் பல இருக்கும். அவற்றுக்கு முன்னிருந்த மகிழ்ச்சிக்குச் சான்று வேண்டாமா?

மீண்டும் அந்த வீட்டையே நினைக்கலாம். பேரனின் கேள்வி இன்னும் விடையின்றி நிற்கின்றது. “பாட்டென்றால் ஏன் பாடுதில்லை?” தட்டு பாடாது. சுழற்றும் பெட்டியும், ஊசியும், அவற்றை இயக்கும் கையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்க விரும்பும் ஒரு செவி வேண்டும். பெட்டியையும் ஊசியையும் தேடிப் பெறலாம். கேள்வி கேட்ட அச்சிறுவனே அந்தச் செவி. மூதாட்டி தட்டை அவன் கையிற் கொடுத்து, விளிம்பில் மட்டும் பிடிக்கும்படி சொல்லி, மங்கிய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி அப்பெயரை வாசித்துக் காட்டட்டும். அவன் அதனை ஒரு தாளில் எழுதி உறையுள் வைக்கட்டும். மறுபதிப்பின் முதல் வேலை அதுவே. அஃது அன்று மாலையே முடிந்துவிடும்.